பெயர் நீக்கிய பிறகு

(மும்பை வடாலாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பன்னாட்டு நிவாரண நிறுவனங்களும் வளர்ச்சி நிறுவனங்களும் செய்கிற பணியைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையினர் கேட்டார்கள். நான் அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கியவள். 1979-இல் சேர்ந்து 2013-இல் ஓய்வு பெறும்வரை தொழுநோய்க் கள ஊழியராக இருந்தேன். பதவியின் பெயர் பாராமெடிக்கல் ஒர்க்கர், அலுவலகத்தில் பி.எம்.டபிள்யூ. என்பார்கள், தாராவியில் ‘தேமல் பார்க்கிற அக்கா’ என்பார்கள். எங்கள் தொண்டு நிறுவனத்துக்குப் பின்னால் ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் இருந்தது. அதற்கும் பின்னால், நாங்கள் ஒருநாளும் பார்க்காத ஊர்களில் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் போட்ட காசு இருந்தது. அந்தக் காசு தாராவியில் ஒரு வீட்டு வாசலுக்கு வந்தபோது என் முகத்தோடு வந்தது. அந்த வாசலில் நின்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தத் தலைப்பைப் பேச வடாலா மிகப் பொருத்தமான இடம். மேற்குப் பக்கம் இருக்கிற அக்வர்த் தொழுநோய் மருத்துவமனையைப் பல வருடங்களாகக் கடந்து போகிறீர்கள். அது தொடங்கிய கதையின் முதல் பகுதி ஹவாய்த் தீவுகளில் நடக்கிறது. மொலோகாய் தீவில் ஒதுக்கிவைக்கப்பட்ட தொழுநோயாளிகளோடு 16 வருடம் வாழ்ந்த பாதிரியார் டேமியன், அந்த நோய் தனக்கும் வந்து 1889 ஏப்ரலில் இறந்தார். அவர் அந்தத் தீவில் போய் இறங்கிய 1873-இல்தான் நார்வேயில் ஹான்சன் இந்த நோயின் கிருமியைக் கண்டறிந்திருந்தார். கிருமி என்று தெரிந்துவிட்டது, ஒரு வெள்ளைக்காரருக்கும் தொற்றிவிட்டது என்ற செய்தி லண்டனை உலுக்கியது. அதே வருடம் வேல்ஸ் இளவரசர் முன்னிற்கத் தேசியத் தொழுநோய் நிதி திரட்டப்பட்டது. அந்த நிதியில் ஒரு மருத்துவக் குழு 1890-91-இல் இந்தியா முழுக்கச் சுற்றி நோயாளிகளைப் பார்த்தது.

பம்பாய் மாநகராட்சி ஆணையர் எச். ஏ. அக்வர்த் 1890-இல் இங்கே ‘வீடற்ற தொழுநோயாளர் புகலிடம்’ தொடங்கியது அந்தக் கலக்கத்தின் நடுவில். அவர் கல்நெஞ்சர் இல்லை. மராத்தி பவாடாக்களை, அதாவது கதைப்பாடல்களை, தேடித் தொகுத்து ஆங்கிலத்தில் பெயர்த்தவர், இந்த மண்ணின் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டவர். ஆனாலும் புகலிடத்தின் முதல் நோக்கம், நகரத் தெருக்களில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த நோயாளிகளைக் கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோவது. அன்று இந்த மாட்டுங்கா, வடாலாப் பக்கம் ஊருக்கு வெளியே இருந்தது. உள்ளே இருந்தவர்கள் கழிவுநீர் பாய்ச்சிப் பயிர் வளர்த்தார்கள். பிறகு தாதர், மாட்டுங்கா பக்கம் மனை பிரித்தார்கள், நம் தமிழ் ஆட்கள் குடியேறினார்கள், ஊர் வந்து மதிலைச் சூழ்ந்துகொண்டது. இந்த மருத்துவமனையின் பழைய வரலாற்றை மருத்துவர் சுபதா பாண்டியா பொறுமையாகத் தேடி எழுதியிருக்கிறார். கிடைத்தால் படியுங்கள்.

லண்டன் அனுப்பிய குழு என்ன சொன்னது தெரியுமா? இந்த நோய் தொற்றக்கூடியதுதான், ஆனால் மிகச் சிறிய அளவில், என்றது. இன்றைய மருத்துவமும் அதையே சொல்கிறது. நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பிலேயே எதிர்ப்பு இருக்கிறது. குழு அப்படிச் சொன்ன பிறகும் 1898-இல் தொழுநோயாளர் சட்டம் வந்தது. பிச்சை எடுக்கும் நோயாளியைப் பிடித்து அடைக்கலாம் என்ற அந்தச் சட்டம் 2016 வரை நம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. குழு எழுதிய அறிக்கையைவிட, சட்டமாக எழுதிய பயம் 118 வருடம் உறுதியாக நின்றிருக்கிறது. உதவிக்கு வருகிற பணம் எதனால் கிளம்பியது என்று நான் எப்போதும் கேட்பேன். பயத்தால் கிளம்பிய பணம் மதில் கட்டுகிறது. வடாலாவில் அதை நாம் பார்த்திருக்கிறோம்.

வேறு விதமாகக் கிளம்பிய பணமும் உண்டு. 1954-இல் ரவுல் ஃபோலெரோ என்ற பிரெஞ்சுக்காரர் அமெரிக்க அதிபருக்கும் சோவியத் பிரதமருக்கும் கடிதம் எழுதி, ஆளுக்கு ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலையைக் கொடுங்கள், உலகத்துத் தொழுநோயாளிகளுக்கெல்லாம் மருத்துவம் பார்த்துவிடலாம் என்று கேட்டார். விமானம் வரவில்லை. ஜனவரி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உலகத் தொழுநோய் நாளாக இருப்பது அவர் தொடங்கிவைத்தது. 1957-இல் ஹெர்மன் கோபர் என்ற பத்திரிகையாளரும் நண்பர்களும் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். எத்தியோப்பியாவில் பிசிடிமோ என்ற இடத்து நோயாளிகளுக்கு உதவத் தொடங்கிய சங்கம் அது. போர் முடிந்து 12 வருடம்தான் ஆகியிருந்தது. இடிபாடுகளைப் பார்த்து வளர்ந்த மக்கள் தங்கள் சில்லறையைப் போட்டார்கள். ஜெர்மன் தொழுநோய் நிவாரணச் சங்கம் என்று நம் நாட்டில் அறியப்படுவது அதுதான்.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்த காலம் போய், 1940-களின் பிற்பகுதியில் செங்கல்பட்டில் ராபர்ட் கோக்ரேன் சல்போன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். வேலூரில் 1948-இல் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். கொல்லிமலையில் பிறந்த மனிதர் அவர். அதுவரை உலகமே நம்பிக்கொண்டிருந்த ஒன்றை அவர் மாற்றினார்: தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி இல்லாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் எலி கடித்தும் போகிறது. வலி தெரியாத கை தன்னைக் காத்துக்கொள்ள மறந்துவிடுகிறது. நான் செய்த வேலை முழுவதும் இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல் நின்றது.

1955-இல் செங்கல்பட்டு மாவட்டத்துப் போலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் வந்து இறங்கினார். மருத்துவமனை கட்டி நோயாளியை வரச் சொல்லவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் மரத்தடியில் உட்கார்ந்து மருந்து கொடுத்தார். அவரோடு இருந்த மருத்துவர் கிளேர் வெல்லூட் பிற்பாடு இந்தியக் குடியுரிமையே வாங்கிக்கொண்டார். மதிலுக்குள் கொண்டுபோவது என்ற பழைய எண்ணத்தை அந்த மரத்தடி உடைத்தது.

கிராமத்தில் மரம் உண்டு. தாராவியில்?

அரசின் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-இல் தொடங்கியபோது கிராமங்களை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது. பெருநகரத்தில் எப்படிச் செய்வது என்று யாருக்கும் பிடிபடவில்லை. இன்றைக்கு இருக்கிற குடும்பம் நாளைக்கு வேறு குடிசைக்குப் போய்விடும். வட ஆர்க்காட்டிலும் செங்கல்பட்டிலும் நோய் மிகுந்திருந்த நாட்கள் அவை. ஊரில் தெரிந்தால் அசிங்கம் என்று ரயிலேறி தாதரில் வந்து இறங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் தெரியாத ஊர் என்பதுதான் அவர்களுக்குப் பம்பாய் தந்த முதல் மருந்து. அவர்களையே தேடிப்போய் ‘சட்டையைக் கழற்றுங்கள்’ என்று கேட்க வேண்டியிருந்தது.

அக்வர்த்தில் பணியாற்றிய மருத்துவர் ஆர். கணபதி, மதிலுக்கு வெளியே நோய் எவ்வளவு இருக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பரிசோதித்துப் பார்த்த குழுவில் இருந்தவர். 1976-இல் அவர் பம்பாய் தொழுநோய்த் திட்டத்தைத் தொடங்கினார். ஜெர்மன் சங்கம் அதற்குக் கைகொடுத்தது. தாராவியின் குடிசைகளுக்குள் முறையாக நுழைந்த முதல் முயற்சிகளில் அது முக்கியமானது. அடுத்த சில வருடங்களில் அலர்ட்-இந்தியா போன்ற தொண்டு நிறுவனங்களும் நகரத்தைப் பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டன. ஒரே குடிசைக்கு இரண்டு நிறுவனம் போவதும், ஒரு பகுதிக்கு யாருமே போகாததும் நேராமல் இருக்க வேண்டுமல்லவா? ஐரோப்பிய நிறுவனங்கள் 1966-லேயே ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்திருந்தன. இன்னார் இந்த ஊர், இன்னார் இந்தத் திட்டம் என்று பேசிப் பங்கிட்டுக்கொண்டன. நிவாரண உலகில் இது எல்லா இடத்திலும் நடப்பதில்லை என்பதால் சொல்கிறேன்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இது எந்த ஆண்டறிக்கையிலும் வராது.

காலை ஒன்பது மணிக்குத் தாராவியின் நைன்ட்டி ஃபீட் ரோட்டில் இறங்குவோம். தோளில் பை, அதில் பதிவேடு, ஒரு பால்பாயிண்ட் பேனா, கொஞ்சம் பஞ்சு. தொழுநோய்த் தேமல் பகல் வெளிச்சத்தில்தான் சரியாகத் தெரியும். பல்பு வெளிச்சத்தில் ஏமாற்றும். ஆனால் பத்துக்குப் பத்து வீட்டில் பகல் வெளிச்சம் வருகிற வழி வாசற்படி ஒன்றுதான். பெண்களை வாசற்படியில் நிறுத்தி முதுகைப் பார்க்க முடியுமா? எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சேலையை விரித்துப் பிடிப்பார்கள். அந்தச் சேலைக்கும் வாசலுக்கும் இடையில் விழுகிற வெளிச்சத்தில் பார்ப்போம். இதை எங்களுக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் கண்டுபிடித்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த பணம் எனக்குச் சம்பளமும் பதிவேடும் கொடுத்தது. சேலையைப் பிடித்தது தாராவி.

“கண்ண மூடிக்கோங்க. நான் தொட்ட இடத்த விரலால காட்டுங்க.” இதுதான் சோதனை. பேனா முனையால் நல்ல தோலில் தொடுவோம், சரியாகக் காட்டுவார்கள். தேமல் மேல் தொடுவோம். கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். “தொட்டாச்சா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு வயிறு கனக்கும். 34 வருடத்தில் அது பழகவே இல்லை.

1984-இல் ஓர் அம்மா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி இட்லி அவித்து, கணவர் சைக்கிளில் எடுத்துப்போய் விற்பார். அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெரிய பேர்: துணி பிடிக்காமல் கொதிக்கிற கொப்பரையை இறக்குவார், சூடு தாங்குகிற கை என்று. புகழ்ச்சியாக அவர்கள் சொன்னதைக் கேட்டதும் நான் கையைக் காட்டச் சொன்னேன். உள்ளங்கை முழுக்கப் பழைய கொப்புளத் தழும்பு. முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்க ஆரம்பித்திருந்தன. அவருக்கு அப்போது 36 வயது.

அவர் நல்ல காலத்தில் அகப்பட்டார். டாப்சோன் என்ற சல்போன் மருந்து ஒன்றையே வருடக்கணக்கில் விழுங்கி, கிருமி அதற்குப் பழகிப்போய், மருந்து தோற்கத் தொடங்கியிருந்த நேரம் அது. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. நாங்கள் எம்.டி.டி. என்போம். மாதம் ஒருமுறை ரிஃபாம்பிசினை என் கண் முன்னால் விழுங்க வேண்டும். “நாளைக்கு ஒண்ணுக்கு சிவப்பா போகும், பயப்படாதீங்க” என்று முதல் நாளே சொல்லிவிடுவோம். குளோஃபாசிமின் தோலைக் கறுக்கவைக்கும். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணிடம் அதைக் கொடுத்து ‘ஒரு வருஷத்தில் பழைய நிறம் வந்துவிடும்’ என்று சொல்வது கடினமான வேலை. 1995 முதல் 1999 வரை ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை உலகம் முழுமைக்கும் இந்த மருந்துக்குப் பணம் கொடுத்தது. 2000 முதல் நோவார்டிஸ் நிறுவனம் இலவசமாகத் தருகிறது. அந்த மாத்திரை அட்டைக்கு எந்த நோயாளியும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. பன்னாட்டு உதவி செய்த நன்மைகளில் இதற்கு நிகராக மிகச் சிலவற்றைத்தான் சொல்ல முடியும். 1980-களின் தொடக்கத்தில் நம் நாட்டில் பத்தாயிரம் பேருக்கு ஏறத்தாழ 57 பேர் நோயாளிகள். 2005 டிசம்பரில் அது 0.95.

இந்த இடத்தில்தான் என் மனக்குறையும் தொடங்குகிறது.

மருந்து முடிந்ததும் பதிவேட்டில் மூன்று எழுத்து எழுதுவோம்: ஆர்.எஃப்.டி. சிகிச்சையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று பொருள். நோயாளிகளே அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். “எனக்கு ஆர்.எஃப்.டி. ஆயிருச்சு” என்று இனிப்பு கொண்டுவந்து கொடுத்தவர்கள் உண்டு. அந்த இட்லி அம்மாவுக்கு 1986-இல் ஆர்.எஃப்.டி. கிருமி போய்விட்டது. மரத்துப்போன கை மரத்தே இருந்தது. ஒருமுறை செத்த நரம்பை எந்த மாத்திரையும் உயிர்ப்பிப்பதில்லை. அவர் மறுநாள் காலையும் மூன்று மணிக்கு அதே கையால்தான் கொப்பரையை இறக்கினார். ஆனால் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. பெயர் இல்லாத ஆளுக்குத் திட்டத்தில் பணம் இல்லை.

நோய்ப்பரவல் என்ற கணக்கு, மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களை மட்டுமே எண்ணுகிறது. கிருமி அதிகமுள்ளவர்களுக்கு 24 மாதம் கொடுத்த மருந்தை 1990-களின் இறுதியில் 12 மாதமாகக் குறைத்தார்கள். மருத்துவ ரீதியில் சரியான முடிவு. ஆனால் பதிவேட்டில் ஒருவர் இருக்கும் காலம் பாதியாகிறபோது, புதிய நோயாளிகளில் ஒருவர்கூடக் குறையாமலேயே எண்ணிக்கை இறங்கும். பத்தாயிரத்துக்கு ஒன்றுக்குக் கீழே போய்விட்டால் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் போயிற்று என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்த எல்லைக்கோடு. அன்றைய மும்பையின் மக்கள்தொகை 1 கோடியே 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றாலும் ஏறத்தாழ 1,200 பேர். அவர்கள் நகரம் முழுக்கச் சமமாகவா இருப்பார்கள்? தாராவியில், கோவண்டியில், ஆண்டாப் ஹில்லில் இருப்பார்கள்.

இன்னொரு சங்கடம் நம் சொல்லில் இருக்கிறது. பிரச்சினை என்ற நிலையிலிருந்து விலக்குவதும், அடியோடு இல்லாமல் செய்வதும் மருத்துவத்தில் இரண்டு வேறு நிலைகள். தமிழில் இரண்டுக்கும் ‘ஒழிப்பு’ என்று எழுதினோம். தொழுநோய் ஒழிந்தது என்று பேப்பரில் வந்தபோது, ஒழிந்தே போய்விட்டது என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவ மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பணம் கொடுத்தவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி. நாகப்பட்டினத்தில் உதவி நிறுவனங்களின் வண்டிகள் நிற்க இடமில்லை. பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து குவிந்தது, அங்கிருந்த மீனவப் பெண்கள் கூசிப்போய் அதைத் தொடவில்லை. 12 மாதம் கழித்து 2005 டிசம்பரில் தொழுநோய் அந்த எல்லைக்கோட்டுக்குக் கீழே போனது. அலை ஒரே நாளில் அடித்தது, உலகமே பார்த்தது. தொழுநோய் உடம்பில் நுழைந்து வெளியே தெரிய ஐந்து வருடமாகும், சிலருக்கு இருபதும் ஆகும். திட்டங்களோ மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. சுனாமிக்குக் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை, நானும் ஒரு நாள் சம்பளம் கொடுத்தேன். ஆனால் மெதுவாக அழிக்கிற துன்பத்துக்குப் பொறுமையான பணம் வேண்டும். அந்தப் பொறுமை 2005-க்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது. நோயைப் பொதுச் சுகாதார நிலையங்கள் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். எங்களைப் போன்ற கள ஊழியர்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை.

நான் வருந்துகிற ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து விருந்தினர்கள் வந்தார்கள். நல்லவர்கள், தரையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். படம் எடுக்க வேண்டும், நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு கை வேண்டும் என்று எங்களிடம் சொல்லப்பட்டது. யாருடைய கை என்று தேர்ந்தெடுத்தது நான். அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஓர் இளைஞரைக் கூட்டிவந்தேன். படம் எடுத்து முடிந்ததும் அவர் என்னிடம் கேட்டார்: “அக்கா, ஆபரேஷன் முடிஞ்சு விரல் நிமிந்ததும் வந்து எடுப்பாங்களா?” நிமிர்ந்த விரலைப் பார்த்து யாரும் காசு போடமாட்டார்கள் என்பதை நான் அவரிடம் எப்படிச் சொல்வேன்? எடுப்பார்கள் என்று பொய் சொன்னேன். இன்று பல நிறுவனங்கள் முகத்தையும் கையையும் காட்டுவதற்கு விதிமுறை வைத்திருக்கின்றன, எழுத்தில் ஒப்புதல் வாங்குகின்றன. அதை வரவேற்கிறேன். அந்த இளைஞருக்கு அது காலம் கடந்து வந்தது.

அண்மைக் காலத்து மாற்றம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, அப்படிப் பணம் பெறுகிற ஒரு நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுக்க முடியாது. கணக்குக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் டெல்லியில் அலுவலகம் வைக்க முடியாத, ஆங்கிலத்தில் அறிக்கை எழுத முடியாத பத்துப் பேர் கொண்ட சங்கங்கள், பெரிய நிறுவனத்தின் நிழலில் சிறு தொகை பெற்றுத்தான் நோயாளிகளுக்குச் செருப்பும் பஞ்சும் வாங்கிக்கொண்டிருந்தன. அந்தச் செருப்பு இப்போது எங்கிருந்து வரும் என்பதை யாராவது யோசித்திருக்க வேண்டும்.

கோவிட் வந்த 2020-இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட புதிய நோயாளிகள் சுமார் 65,000. அதற்கு முந்தைய வருடம் 1 லட்சத்து 14 ஆயிரம். ஊரடங்கில் நோய் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கவில்லை, தேடிப்போகிறவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது மறுபடியும் வருடத்துக்கு 1 லட்சத்துக்கு மேல். உலகத்துப் புது நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நம் நாட்டுக்காரர்கள்.

செருப்பு என்று சொன்னேன். எம்.சி.ஆர். செருப்பு, மெத்தென்ற ரப்பர் அட்டை, ஆணி அடிக்காமல் ஒட்டித் தைத்தது. உணர்ச்சியில்லாத பாதத்தில் கல் குத்தினாலும் தெரியாது. குழிப்புண் ஆகி, எலும்பைத் தொட்டு, காலையே எடுக்க நேரும். அதைத் தடுப்பது இந்தச் செருப்பும், தினமும் இருபது நிமிடம் தண்ணீரில் கால் ஊறவைத்து, தடித்த தோலைச் சுரண்டி, எண்ணெய் தடவுவதும்தான். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு சொரசொரப்பான கல், கொஞ்சம் தேங்காய் எண்ணெய். மரத்த கைக்கு டம்ளரில் மரப்பிடி. மடங்கிய விரலுக்கு, இரண்டு பசையைக் குழைத்து அவர் கையாலேயே பிடிக்கச்செய்து, இறுகியதும் அந்தக் கையின் அச்சாக அமையும் ஒரு கரண்டிப் பிடி. இதற்கெல்லாம் விமானத்தின் விலை வேண்டாம். ஆனால் இருபது, முப்பது வருடம் விடாமல் வேண்டும். செருப்பு வருடத்துக்கு ஒருமுறை தேய்ந்துவிடும், கால் தேய்ந்து முடிகிறவரை.

ஆகவே உதவி நிறுவனங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் கணக்குப் புத்தகம் ஆர்.எஃப்.டி. என்ற மூன்று எழுத்தோடு முடியக் கூடாது. பெயர் நீக்கிய பிறகு பத்தாவது வருடம் அந்தக் கை எப்படி இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதுங்கள். அதை எழுத ஒருவர் அந்தச் சந்துக்குப் போய் வரவேண்டியிருக்கும். போனால் செருப்பு தேய்ந்திருப்பது தெரியும். சட்டமும் மெல்ல மாறிக்கொண்டுதான் வருகிறது. துணைக்குத் தொழுநோய் என்று சொல்லி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதியை 2019-இல் எடுத்தார்கள். அதற்குள் எத்தனை பெண்கள் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இந்த அறக்கட்டளையின் வட்டிப் பணத்தில் வருடம் ஒரு சொற்பொழிவு நடக்கிறது. எனக்குக் கொடுத்த சன்மானத்தை ஐந்து ஜோடிச் செருப்புக்குக் கொடுத்துவிடும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். வாங்க வேண்டிய ஐந்து பேரின் கால் அளவும் அவரிடம் இருக்கிறது.

இட்லி அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். இருக்கிறார். இரண்டு விரல் மடங்கியபடியே இருக்கிறது, மற்ற விரல்கள் முழுசாக இருக்கின்றன. 1986-இலிருந்து துணி இல்லாமல் கொப்பரையைத் தொட்டதில்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார். பேத்திக்குக் கன்னத்தில் வெளுத்த தேமல். பிள்ளையை வாசற்படியில், வெளிச்சம் விழுகிற பக்கமாக உட்காரவைத்திருந்தார். அவருடைய மடங்கிய விரல்களுக்கு நடுவில் ஒரு பால்பாயிண்ட் பேனா இருந்தது.

“மூணு மட்டம் பாத்துட்டேன் பிள்ள. மூணு மட்டமும் சரியாத் தொட்டுக் காட்டுதா. நீயும் ஒருக்கப் பாத்துரு.”

பார்த்தேன். சரியாகக் காட்டினாள்.